தோளிலிருந்து தோள்வரை ஒரு பெயர்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய ‘ற’ எங்கே வரும், சின்ன ‘ர’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம். முப்பது வருடமாக எழுத்துகளோடுதான் வேலை செய்தேன். ஆனால் அவை துணியில் வெட்டின ஆங்கில எழுத்துகள். தைக்கத் தெரியும். தாளில் எழுதுவது வேறு வேலை என்பது இப்போதுதான் விளங்குகிறது. முன்கடையில் நிற்கும் சுகி இதைத் தட்டச்சுச் செய்து, பிழையும் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் உங்கள் கைக்கு வரும்போது இது கொஞ்சம் குளித்து உடுத்த மாதிரி இருக்கும்.

என் கடைசி வேலை நாளன்று பின்னறையில் கேக் வெட்டி, “அங்கிள், ஸ்பீச், ஸ்பீச்” என்று எல்லோரும் கை தட்டினீர்கள். நான் “தாங்க்ஸ்” என்று சொல்லிவிட்டுப் பேப்பர்த் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டேன். நான்கு பேருக்கு மேல் ஒன்றாக என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். எப்படித் துணி வெட்டுவது, எந்த ஊசிக்கு எந்த நூல் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கனவே தெரியும். அதை எழுதி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை.

நான் கனடாவில் வந்து இறங்கி, இந்த ஸ்காபரோக் கடைக்கு வந்தபோது முதலாளி ஓர் இத்தாலிக்காரர். உங்களில் ஒருவரும் அவரைக் கண்டதில்லை. என்னை வேலைக்குச் சேர்த்தபோது என்ன படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. ஒரு பழைய ஹொக்கி ஜேர்சியையும், துணியில் வெட்டின ஓர் எட்டையும் கையில் தந்து மெஷினைக் காட்டினார். எட்டு முழுவதும் வளைவு. எட்டைத் தைக்கிறவனுக்கு மற்ற இலக்கங்களும் வரும் என்பது அவர் கணக்கு. நான் தைத்து முடித்ததும் ஜேர்சியைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தார். உள்ளே போய், ஒரு கோப்பி போட்டுக்கொண்டு வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்குக் கிடைத்த நியமனக் கடிதம் அதுதான்.

அது ஹிப் ஹொப் பாடகர்கள் ஹொக்கி ஜேர்சியோடு தொலைக்காட்சியில் வரத் தொடங்கியிருந்த காலம். எனக்கு அதொன்றும் தெரியாது. ஹொக்கி ஜேர்சியை ஹொக்கி விளையாடுபவர்தான் வாங்குவார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கரீபியன் இளைஞரின் ஓடர் என் மேசைக்கு வந்தது. ஆள் என்னைப் போல ஒல்லி. ஓடர்த் துண்டில் எழுதியிருந்ததோ கடையில் இருந்ததிலேயே மிகப் பெரிய சைஸ். பாவம், மாறி எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர் உடம்புக்கு அளவான ஒன்றை எடுத்து, பெயரையும் இலக்கத்தையும் என்னால் ஆன மட்டும் வடிவாகத் தைத்து வைத்தேன்.

மறுநாள் அவர் வந்து அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார்.

“நல்ல வேலை. ஆனால் இதை என் தம்பிக்குத்தான் கொடுக்கவேணும்” என்றார்.

கோபமே இல்லை. முதலாளி வந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் அந்த ஓடர்த் துண்டை எடுத்து நீட்டினேன். அவர் உள்ளே போய் அந்தப் பெரிய சைஸை எடுத்து வந்து இளைஞரிடம் கொடுத்தார். அவர் அதைத் தலைவழியே போட்டதும் கைகள் இரண்டும் மறைந்துபோயின. கீழ்க்கரை முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தது. அப்படியே கடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். துணி அவருக்குப் பின்னால் ஒரு நொடி தாமதித்து அசைந்துகொண்டு வந்தது. ஆள் அதே ஒல்லி ஆள்தான். ஆனால் கடைக்குள் இருந்த எல்லோரும் வழிவிட்டு நின்றோம்.

அவர் போன பிறகு முதலாளி சொன்னார்: “இந்த உடுப்பை உள்ளே தோள்கவசம் போட்டு விளையாடுவதற்காகப் பெரிதாகச் செய்கிறார்கள். அவருக்குக் கவசம் வேண்டாம். அந்த இடம் வேணும். அந்த வெறும் இடத்துக்கும் சேர்த்துத்தான் நாங்கள் காசு வாங்குகிறோம். அதைக் குறைக்காதே.”

இதை நான் மறக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் போட்டது ஒரு தேவாலயத்தில் இலவசமாகத் தந்த கோட். யாரோ ஒரு பெரிய மனிதருக்குத் தைத்தது. கை நீளம் அதிகம் என்பதால் இரண்டு மடிப்பு உள்ளே மடித்து ஊசி குத்தி வைத்திருப்பேன். பஸ்ஸில் எல்லோரும் என் கோட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு போவேன். அன்று வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றினேன். கை நீளத்தை அப்படியே விட்டுக்கொண்டு போய் பஸ்ஸுக்கு நின்றேன். ஒருவரும் பார்க்கவில்லை. விரல்களுக்குக் குளிரவும் இல்லை. அந்த இளைஞரின் பெயரை நான்தான் தைத்தேன், ஆனாலும் இப்போது நினைவில் இல்லை. அவருக்கு எதற்கு நன்றி என்று விளக்கிச் சொல்ல எனக்கு அன்று அவ்வளவு ஆங்கிலமும் இருக்கவில்லை.

வாடிக்கையாளர் கேட்டது வினோதமாகப் பட்டால், வினோதம் உங்கள் கண்ணிலா அவர் துண்டிலா என்று ஒருதடவை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட்டவன் சொல்கிறேன்.

முதலாளியே ஒருமுறை இதில் மாட்டிக்கொண்டார். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போகும் கதைக்கு அது தேவை.

ஹொக்கி ஜேர்சியின் முதுகில் குடும்பப் பெயர் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர்தான் அந்த இடத்தில் வந்து நிற்கும். குகன் என்றொருவர் தனக்கும் தன் மகனுக்கும் இரண்டு ஜேர்சிகள் ஓடர் கொடுத்தார். குகனின் தகப்பன் பெயர் செல்லையா. ஆகவே குகனின் முதுகில் ‘செல்லையா’, மகனின் முதுகில் ‘குகன்’. நான் சரியாகத்தான் தைத்து வைத்தேன். பார்சல் கட்ட வந்த முதலாளி, ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறொன்றா, இவன் பிழை விட்டுவிட்டான் என்று நினைத்தார். என்னைச் சங்கடப்படுத்த விரும்பாமல், நான் வீட்டுக்குப் போன பிறகு தானே இருந்து மகனின் ஜேர்சியில் ‘குகனை’ப் பிரித்து எடுத்து ‘செல்லையா’ தைத்துவிட்டார்.

குகன் வந்து விரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, என்ர அப்பரை என்ர மகனுக்குத் தகப்பனாக்கிப் போட்டியள். இப்ப நானும் அவனும் அண்ணன் தம்பி. இனி உவன் எனக்கு அடங்குவானோ?”

முதலாளி என்ன என்று கேட்டார். எனக்கோ அவ்வளவு ஆங்கிலம் இல்லை. ஒரு விரலைக் காட்டி இது தகப்பன், அடுத்த விரலைக் காட்டி இது மகன், இந்த விரலின் பெயர் அடுத்த விரலின் முதுகில், அந்த விரலின் பெயர் அதற்கடுத்த விரலின் முதுகில் என்று காட்டினேன். ஐந்து விரலும் முடிந்தபோது அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “அப்படியென்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் உங்களுக்குப் புது ஜேர்சி வேணும். ஏன் இதை முதலே சொல்லவில்லை? இது நல்ல வியாபாரம்!” என்றார். அதற்குப் பிறகு தமிழர் ஓடர் வந்தால் “முதுகில் நிற்பது யார், அப்பாவா?” என்று கேட்காமல் அவர் நூலைத் தொட்டதில்லை.

முதுகில் நிற்பது அப்பா. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

போன இலையுதிர் காலம், நான் ஓய்வு எடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நிரோ கடைக்கு வந்தார். சுகிக்கு அவரை நன்றாகத் தெரியும். மற்றவர்கள் அவர் பாட்டை போனில் கேட்டிருப்பீர்கள். ஸ்காபரோவில் வளர்ந்த பெண்பிள்ளை, ராப் பாடுகிறவர். அவர் குழுவில் நான்கு பேர். அந்தச் சனிக்கிழமை முதல்தடவையாக ஒரு பெரிய அரங்கில் பாடப் போகிறார்கள். நால்வருக்கும் கறுப்பும் வெள்ளையுமாக ஹொக்கி ஜேர்சி வேண்டும். மற்ற மூவருக்கும் குட்டிப் பெயர்கள். நிரோ தன் பெயரைத் தாளில் எழுதி என் முன்னால் வைத்தார். சிவபாதசுந்தரம். ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து.

“அங்கிள், முழுசா வேணும். வன் லெட்டர்கூட வெட்டக்கூடாது.”

“பிள்ளை, உது தோளுக்கு வெளியால போயிடும்.”

“அதுக்குத்தானே ஆகப் பெரிய சைஸ், போர் எக்ஸ் எடுக்கிறன்.”

“உமக்கு உது சாக்குமாதிரி இருக்குமே.”

“அங்கிள், இது ஹிப் ஹொப். சாக்குமாதிரித்தான் இருக்கவேணும்.”

சுகி பக்கத்தில் நின்று, “நீங்கள் இந்தக் கடையில எத்தினை வருசம், அங்கிள்?” என்று என்னைக் கிண்டல் செய்தார். எனக்கு அந்தக் கரீபியன் இளைஞரின் நினைவு வந்தது. அளவு நாடாவை எடுத்தேன்.

நான் அளந்துகொண்டிருந்தபோது நிரோ தானாகவே சொன்னார். ஒன்பது வயதில் ஹொக்கி விளையாடத் தொடங்கினவராம். தகப்பனுக்குப் பாண் பேக்கரியில் இரவு வேலை. விடிய ஐந்து மணிக்கு அங்கிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமலே இவரை ஐஸ் ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போவாராம். விளையாட்டு அவருக்கு ஒன்றும் விளங்காது. ஓரத்து வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் வராமல் விட்டதில்லை.

“அப்ப என்ர முதுகில ‘சிவா’ எண்டு மட்டும்தான், அங்கிள். பிள்ளையளின்ர சைஸில இடம் காணாது எண்டு கோச் வெட்டிப்போட்டார். அப்பா ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் அழுதனான்.”

பதினேழு வயதில் அவர் ஹொக்கியை விட்டுவிட்டுப் பாடப் போனார். அஞ்சு மணிக்கு எழும்பினதெல்லாம் உதுக்கோ என்று தகப்பன் ஒரே ஒருமுறை கேட்டாராம். அதற்குப் பிறகு பாட்டைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை.

“சனிக்கிழமை வாங்கோ எண்டு கேட்டன். அந்தாள் டீவிச் சத்தத்தைக் கூட்டினார்” என்று சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு, “வந்தாலும் வராட்டியும், நான் திரும்பேக்க அவர் என்ர முதுகில முழுசா நிக்கவேணும். அவ்வளவுதான்” என்றார்.

புதன்கிழமை நான் அதைத் தைத்து முடித்தேன். இவ்வளவு நீளப் பெயர் என் கைக்கு அதற்கு முன் வந்ததில்லை. சாதாரண சைஸில் எழுத்துகளை நெருக்கி நெருக்கி ஈர்க்குப் போல ஆக்கவேண்டியிருக்கும். அந்தப் பெரிய முதுகில் முதல் எழுத்து இடது தோளில் தொடங்கிக் கடைசி எழுத்து வலது தோளில் வந்து நின்றது. சுகி படம் எடுத்து நிரோவுக்கு அனுப்பினார். நிரோ அதைத் தாய்க்குக் காட்டியிருக்கிறார். தாய் தகப்பனுக்குக் காட்டியிருக்கிறார்.

வியாழக்கிழமை பகல் சுகிக்குப் பல் வைத்தியரிடம் போக இருந்தது. “ஒரு மணித்தியாலம்தான், அங்கிள், ஒருத்தரும் வரமாட்டினம்” என்று என்னை முன்கடையில் விட்டுவிட்டுப் போனார். முன்கடை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்கேற் சப்பாத்துக் கயிறுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது. அறுபது கடந்த ஒருவர். பேக்கரிச் சீருடைக்கு மேலே கோட்.

“நிரோவின்ர ஜேர்சி இஞ்சதானோ தைக்கிறது?”

“ஓம் அண்ணை.”

“நான் தகப்பன். அவ்வளவு தூரம் ஸ்ரௌவ்வில்ல இருந்து உதுக்கெண்டே வாறன். அதில இருக்கிற பேரைக் கழட்டு தம்பி.”

கையிலிருந்த கயிறுகளைக் கீழே வைத்தேன். “அண்ணை, ஓடர் தந்தது பிள்ளை. அவ சொல்லாமல் நான்...”

“அது ஆற்றை பேர்?”

“உங்கட பேர்.”

“அப்ப ஆர் சொல்லவேணும்?”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். “உதுகள் மேடையில ஏறிக் கையைக் கையை ஆட்டி, வாயில வந்ததெல்லாம் பாடுதுகள். அவளின்ர முகம் ஆருக்கு ஞாபகம் இருக்கும்? அவள் திரும்பினவுடனே சனம் என்ர பேரைத்தான் வாசிக்கும். பிறகு கோயில்ல என்னைக் கண்டா என்ன கேக்கும்?”

எனக்கு முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. முதலாளி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லித் தப்பலாம். நாளைக்குப் பகல் நிரோ ஜேர்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆனால் பெரியவரை ஏமாற்றி அனுப்பியதாக இருக்கும். அல்லது, தகப்பன் சொல்கிறார், என் வயதுக்கும் மூத்தவர் என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். எங்கள் ஆட்களில் ஒருவன் விடக்கூடிய பிழை அதுதான். இந்த ஊரில் வேறு யாருக்கும், ஒரு முப்பது வயதுப் பிள்ளை ஓடர் கொடுத்ததைத் தகப்பன் வந்து மாற்றலாம் என்ற எண்ணமே வராது. எனக்கு வந்தது. கை மேசைக்குக் கீழே கத்தரிக்கோலைத் தேடியதும் உண்மை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன். “அண்ணை, நேர துணியில தைச்சது. பிரிச்சாலும் ஊசி போன ஓட்டை நிக்கும். கிட்ட நிண்டு பாக்கிறவைக்குப் பேர் வாசிக்கலாம்.”

அவர் யோசித்தார். “அப்ப மேல ஒரு கறுப்புத் துணியை வைச்சு மூடு.”

“எங்கயிருந்து எங்கமட்டும் மூடவேணும் எண்டு காட்டுங்கோ, அண்ணை.”

நான் ஏதோ தந்திரம் செய்தேன் என்று நினைக்கவேண்டாம். துணி வெட்ட அளவு வேண்டும், அதனால் கேட்டேன். அவர் அளவைக் காட்டி முடித்திருந்தால், நிரோவுக்கு போன் எடுத்து, நீங்கள் இருவரும் முதலில் பேசுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தைரியம் எனக்கு வந்திருக்குமோ தெரியாது. அது தேவைப்படவில்லை.

ஜேர்சியை எடுத்து வந்து மேசையில் முதுகுப்பக்கம் மேலே இருக்க விரித்தேன். மேசை முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்தில் விரலை வைத்தார். அளவு காட்டத்தான் வைத்தார். ஆனால் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனது. உதடும் கூடவே அசைந்தது. நடுவில் எங்கோ தவறவிட்டிருக்கவேண்டும். திரும்பவும் முதல் எழுத்துக்கு வந்து தொடங்கினார். இந்தமுறை கடைசி எழுத்துவரை போய், அங்கேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் பேசவில்லை. வாய் திறக்கமாட்டாய் என்று வீட்டிலும் வெளியிலும் வாழ்நாள் முழுக்கப் பேச்சு வாங்கினவன் நான். அன்று அந்தக் குறை ஒரு உதவி செய்தது. “பிள்ளை பாசத்திலதானே போட்டவ” என்று ஒரு வசனம் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அவர் எனக்குப் பதில் சொல்ல நிமிர்ந்திருப்பார். பெயரை விட்டுவிட்டு என்னோடு வழக்காடியிருப்பார்.

“உதெப்பிடித் தம்பி முழுசாக் கொண்டது?” என்றார்.

“பிள்ளை தன்ர அளவைவிட நாலு சைஸ் பெருசு எடுத்தவ, அண்ணை. ஹிப் ஹொப் பெடியள் அப்பிடித்தான் போடுறவை. அதால முதுகில இடம் கிடைச்சுது.”

“நான் நினைச்சன், உதுகள் ஒழுங்கா உடுக்கத் தெரியாமல்தான் தொளதொள எண்டு திரியுதுகள் எண்டு.”

“நானும் முந்தி அப்பிடித்தான் நினைச்சனான்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். “வேலையில நான் ‘சிவா’. டொக்டரிட்டை ‘மிஸ்டர் எஸ்’. பாங்க் அட்டையிலயும் பாதியில வெட்டித்தான் கிடக்கு. இந்த நாட்டில என்ர பேரை ஒருத்தரும் முடிய எழுதி நான் காணேல்லை” என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இருக்கவில்லை. ஜேர்சிக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார்.

“உந்தக் கடைசி எம் சரிஞ்சு நிக்குது.”

சரிந்துதான் நின்றது. தோள் வளைவில் வருவதால் துணி இழுத்துக்கொண்டது. எனக்கு முதல்நாளே தெரியும். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டிருந்தேன்.

“என்ர பேரைப் போடுறதெண்டா நேராப் போடும்” என்றார்.

கழட்டு என்று வந்தவர் போடும் என்கிறார். எனக்கு அது விளங்க ஒரு நொடி எடுத்தது. “ஓம் அண்ணை, இண்டைக்கே செய்யிறன்” என்றேன். அவர் பொத்தானைத் திரும்பப் பூட்டிக்கொண்டு கதவுவரை போனார். “நான் வந்தது பிள்ளைக்குத் தெரியவேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுகி ஒரு பக்கம் விறைத்த வாயோடு திரும்பி வந்து, “ஆராவது வந்தவையோ?” என்று கேட்டார். “ஒரு ஆள் அளவு கேட்டவர்” என்றேன். அது பொய்யும் இல்லை. அந்த எம்மைப் பிரித்து, பழைய ஓட்டைகளை மூடும்படி கொஞ்சம் அகலமாக இன்னொன்றை வெட்டி, தோள் வளைவின் கீழே ஒரு பழைய துவாயைச் சுருட்டி வைத்து நேர் பார்த்துத் தைத்தேன். என் பெருவிரல் மூட்டு வலி அப்போதே தொடங்கிவிட்டது. ஆனால் அந்த ஓர் எழுத்துக்கு எடுத்த நேரத்தை நான் வேறெந்த வேலைக்கும் எடுத்ததில்லை.

திங்கட்கிழமை நிரோ ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸோடு கடைக்கு வந்தார். நீங்களும் சாப்பிட்டீர்கள். நிகழ்ச்சி நன்றாகப் போனதாம்.

“அப்பா வரேல்லை, அங்கிள்” என்றார். “ஆனா நான் வீட்டை போகேக்க முழிச்சிருந்தார். ஜேர்சியோட உள்ளுக்குப் போறன், ‘திரும்பு’ எண்டார். எனக்குப் பயமாப் போச்சு, சரி, இண்டைக்குப் பேச்சு வாங்கப் போறன் எண்டு நினைச்சன். திரும்பினன். பிறகு ‘ஓம், இப்ப நேரா நிக்குது’ எண்டு சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்திட்டார். வட் டஸ் தட் ஈவின் மீன்? அதுக்கு என்ன அர்த்தம்?”

“தெரியாது பிள்ளை” என்று சொல்லி ஒரு ரோலை வாய்க்குள் வைத்துக்கொண்டேன். ஒருவர் கடையில் வந்து சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகாதீர்கள், அது நல்ல செய்தியாக இருந்தாலும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியவர் அவர்தான். டிசம்பரில் நத்தார் விடுமுறையில் தகப்பனே வீட்டில் சொல்லிவிட்டாராம். நிரோ வந்து, “அங்கிள், யூ நியூ! உங்களுக்கு அப்பவே தெரியும்!” என்று என் தோளில் குத்திவிட்டுப் போனார். அதனால்தான் இப்போது இதை எழுத முடிகிறது.

என் தங்கை குடும்பம் அதே ஸ்ரௌவ்விலில் வீடு வாங்கியிருக்கிறார்கள். இன்று பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். மச்சான் வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. புது வீடுகள் வரிசை வரிசையாக எல்லாம் ஒரேமாதிரி நிற்கும் தெருவில் மெதுவாகத் திரும்பினோம். ஒருவர் வீட்டு முன்றிலில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனி தள்ளிக்கொண்டிருந்தார். தடித்த குளிர்க் கோட்டுக்கு மேலே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஹொக்கி ஜேர்சி போட்டிருந்தார். வேறு எந்த சைஸும் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறாது. கவசத்துக்கென்று செய்த இடத்தில் கோட் அளவாக இருந்தது.

மச்சான் காரை இன்னும் மெதுவாக்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“சி-வ-பா-த... அட, உந்தப் பேரில ஆர் ஹொக்கி விளையாடுறது?”

“ஒருத்தரும் இல்லை. அது அவற்றை பேர்தான்.”

“நிப்பாட்டட்டோ? உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?”

வேண்டாம் என்று தலையாட்டினேன். நிறுத்தினால் இறங்கிப் பேசவேண்டும். அவர் குனிந்து ஒரு மண்வெட்டிப் பனியை எடுத்து ஓரமாக வீசிவிட்டு நிமிர்ந்தார். கோட் உள்ளே இருந்து தாங்கிக்கொண்டதால் முதுகில் ஒரு சுருக்கமும் இல்லை. பதினேழு எழுத்தும் இருந்தன. கடைசி எம் நேராக நின்றது.

வீட்டுக்கு வந்து, கோட்டை மாட்டிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

ஸ்காபரோ,
2026 பெப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை.